தப்பாகச் சொன்னால் சால்வை, சரியாகச் சொன்னால் பூட்டு

கீழச்சிவல்பட்டியில் பிறந்து சிங்கப்பூரில் காசு பார்த்த தம்பி ஒருவனுக்குப் புது ஆசை வந்திருக்கிறது. ஐயா பேரில் ஏதாவதொரு பல்கலைக்கழகத்தில் கொள்கை ஆய்வு மையம் வைக்க வேண்டுமாம். பள்ளிக்கூடம் கட்டுவது பழைய பாணி. கல்யாண மண்டபம் பங்காளி கட்டிவிட்டான். “நாட்டுக்கே யோசனை சொல்ற எடம்ணே, நம்ம பேரு டெல்லி வரைக்கும் போகும்” என்கிறான். பேர் டெல்லிக்குப் போவது இருக்கட்டும் தம்பி, சில சமயம் டெல்லியிலிருந்து ஆள் வருவதும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். செயங்கொண்டார் சதகம் பாடிய பாடுவார் முத்தப்பர் பிறந்த ஊர்க்காரன் நீ, கொஞ்சம் சுடச்சுடச் சொன்னாலும் தாங்குவாய் என்று நம்பி ஆரம்பிக்கிறேன்.

முதலில் பெயர். ‘ஆராய்ச்சி நிலையம்’ என்று சும்மா வைத்தால், உள்ளே யாரோ உட்கார்ந்து நிஜமாகவே ஆராய்கிறார்களோ என்று மேலிடத்துக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆகவே நீடித்த, உள்ளடக்கிய, உலகளாவிய என்று நாலு சொல்லை முன்னால் போட்டுக்கொள். ஐயா பேர் நடுவில் வரட்டும். கல்வெட்டில் இடம் பத்தாவிட்டால் ‘ஆராய்ச்சி’யை எடுத்துவிடலாம், பாதகமில்லை. அடுத்தது புரிந்துணர்வு ஒப்பந்தம். இது கையெழுத்தாகாமல் இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் காக்கா கூடப் பறப்பதில்லை. ஒரு கோப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கோப்புக்குள் காகிதம் இருந்ததா என்று எந்த நிருபரும் இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு இயக்குநர். இதற்கென்றே ஓய்வுபெற்ற உயர் அதிகாரிகள் இருக்கிறார்கள். முப்பது முப்பத்தைந்து வருஷம் பதவியில் இருந்தபோது மேசைக்கு வந்த ஆய்வறிக்கைகளைப் பிரிக்காமலே அலமாரிக்கு அனுப்பியவர்கள், ஓய்வுபெற்ற மறுமாதம் ஆய்வறிக்கை எழுதக் கிளம்பிவிடுவார்கள். எழுதுவதை யார் படிப்பார்கள் என்று கேட்காதே. அவர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் படிக்காமல் அலமாரிக்கு அனுப்புவார். அவரும் ஒருநாள் ஓய்வு பெறுவார். இந்தச் சங்கிலி அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதைத்தான் மேடையில் ‘அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ளுதல்’ என்கிறார்கள்.

இயக்குநருக்குக் கார், அறை, ஏசி. சரி, எழுதுவது யார்? பயப்படாதே. முனைவர் பட்டமும் நெட் தேர்ச்சியும் வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். மணிக்கணக்கில் பாடம் எடுத்தால் மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. இங்கே 20,000 கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு மனமிரங்கி 25,000 ஆக்கினார்கள். மானியக் குழு சொன்னதைக் கொடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்ல வேண்டி வந்தது. அந்தச் சம்பளமும் வருஷத்துக்குப் பதினொரு மாதம்தான். மே மாதத்தில் கௌரவ விரிவுரையாளருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் பசிக்காது என்பது எந்தக் கொள்கை ஆய்வு மையம் கண்டுபிடித்த உண்மையோ, எனக்குத் தெரியாது. கௌரவம் என்பதைச் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கணக்கில் எழுதும் சாமர்த்தியம் நம் பெட்டியடிக் கணக்குப்பிள்ளைகளுக்கே வந்ததில்லை.

இந்த மனிதர்களில் ஒருவரை வைத்து அறிக்கை எழுதி வாங்கிவிடலாம். அட்டையில் இயக்குநர் பெயர், முன்னுரையில் உன் படம், உள்ளே நன்றி நவிலும் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியவர் பெயர்.

அறிக்கை எதைப் பற்றி என்பது இரண்டாம் பட்சம். எந்த வருஷத்தைப் பற்றி என்பதுதான் முக்கியம். நிகழ்காலத்தைப் பற்றி மட்டும் எழுதிவிடாதே. அது கண் முன்னால் கிடக்கிறது, யாரும் போய்ச் சரிபார்த்துவிடலாம். காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் புதுக்கோட்டைப் பக்கம் அடிக்கல் நட்டார்களே, மதிப்பீடு 14,400 கோடி என்றார்களே, நம்ம பக்கத்துக் கண்மாய்க்குத் தண்ணீர் எப்போது வரும்? இதை உன் மையம் கேட்டால் முதல் கேள்வியே கடைசிக் கேள்வியாகிவிடும். அதனால் தூரத்து வருஷம் ஒன்றைப் பிடி. 2047 இப்போது நன்றாக விற்கிறது. அந்த வருஷம் வரும்போது கணக்குக் கேட்பவனும் இருக்க மாட்டான், சொன்னவனும் இருக்க மாட்டான்.

இதற்கு நம் மாநிலத்திலேயே சாஸ்திரோக்தமான முன்மாதிரி உண்டு. 2012 மார்ச்சில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா ‘தொலைநோக்கு 2023’ என்ற ஆவணத்தை வெளியிட்டார். பதினோரு வருஷத்தில் 15 லட்சம் கோடி ரூபாய் உள்கட்டமைப்பு முதலீடு, தமிழனின் தலைக்கு வருமானம் ஆறு மடங்காகி ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர். 2023-ம் வந்தது, போனது. பத்தாயிரத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. இந்தக் கணக்கைப் போட்ட நிபுணர்களில் யாருக்காவது வேலை போனதா? யாராவது ஒரு பத்தி எழுதி, எங்கே பிசகினோம் என்று சொன்னார்களா? ஆட்சி மாறியது, ஆவணத்தின் அட்டை மாறியது, இப்போது 2030-க்குள் மாநிலமே ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம். டிரில்லியனில் எத்தனை சைபர் என்று மேடையில் இருப்பவர்களை எழுதிக் காட்டச் சொன்னால் பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போவார்கள். எண் எவ்வளவு பெரிதோ கைதட்டல் அவ்வளவு பெரிது, பொறுப்பு அவ்வளவு சிறிது.

ஆக, தப்பாகச் சொல்வதில் ஆபத்து எதுவும் இல்லை தம்பி. சால்வைதான் வரும். சரியாகச் சொல்லிவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. நீ பேப்பர் படிக்கிறவன்தானே, ஹரியானா மாநிலம் சோனிபட்டில் அசோகா பல்கலைக்கழகம் இருக்கிறதே, அதைப் பார்.

2014-ல் தொடங்கியது. உன்னைப் போன்றே காசு பார்த்தவர்கள் பலர் சேர்ந்து கொடுத்த பணம். அரசாங்கத்தின் பிடி இல்லாத இடம், இந்தியாவின் ஹார்வர்டு என்றெல்லாம் பேச்சு. மோடி அரசில் தலைமைப் பொருளாதார ஆலோசகராக 2014 முதல் 2018 வரை இருந்த அரவிந்த் சுப்பிரமணியன் 2020-ல் அங்கே போய்ச் சேர்ந்தார். நீ கேட்கிற அதே சரக்கு, பொருளாதாரக் கொள்கைக்கென்று ஒரு மையம், அதற்கு அவர் நிறுவன இயக்குநர். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்து, பிறகு பேராசிரியராக மட்டும் இருந்த பிரதாப் பானு மேத்தா பத்திரிகையில் அரசை விமர்சித்து எழுதிவந்தார். 2021 மார்ச்சில் பதவி விலகினார். தாம் அங்கே இருப்பது பல்கலைக்கழகத்துக்கு அரசியல் சுமையாகக் கருதப்படுகிறது என்று நிறுவனர்களைச் சந்தித்தபோது தெளிவாகிவிட்டது என்று கடிதத்தில் எழுதினார். இரண்டு நாளில் அரவிந்த் சுப்பிரமணியனும் கிளம்பினார். தனியார் பணத்தில் நடக்கும் இடத்திலேயே கல்விச் சுதந்திரத்துக்கு இடமில்லையென்றால் எப்படி என்பது அவர் கடிதத்தின் சாரம். நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? நிறுவன நடைமுறைகளில் சில குறைபாடுகள் நேர்ந்துவிட்டன, வருந்துகிறோம் என்று ஒரு கூட்டறிக்கை. கழுத்தைப் பிடித்தவன் தன் நகம் வெட்டாமல் இருந்ததற்கு வருத்தம் தெரிவித்த மாதிரி இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. 2023-ல் அங்கே பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த சப்யசாச்சி தாஸ் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 2019 மக்களவைத் தேர்தலில் கடும் போட்டி நடந்த தொகுதிகளை எடுத்துக்கொண்டு, ஆளும் கட்சி வென்ற விகிதம் இயல்புக்கு மாறாக இருக்கிறதே என்று புள்ளிவிவரத்தை வைத்துக் கேட்டார். இது தப்பு என்றால் மறுத்து இன்னொரு கட்டுரை எழுதலாம். அதற்குத்தானே பல்கலைக்கழகம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம்? பல்கலைக்கழகம் கட்டுரையை மறுக்கவில்லை, கட்டுரையாளரிடமிருந்து நகர்ந்து நின்றுகொண்டது. கட்டுரை உரிய பரிசீலனை முடிந்து எந்த ஆய்விதழிலும் வரவில்லை, அது எங்கள் நிலைப்பாடு இல்லை என்று ட்விட்டரில் அறிவித்தது. தாஸ் பதவி விலகினார். அவருக்காகப் பொருளாதார அறிஞர் புலாப்ரே பாலகிருஷ்ணனும் விலகினார். அந்த மாதமே, ஆகஸ்டு 21-ம் தேதி, உளவுத்துறை ஆட்கள் பல்கலைக்கழக வாசலுக்கு வந்து கட்டுரையைப் பற்றி விசாரித்தார்கள். டெல்லியிலிருந்து ஆள் வரும் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான். பத்தாயிரம் டாலர் கணக்குப் போட்டவர் வீட்டு வாசலுக்கு எந்தத் துறையும் போகவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே வைத்தால் தப்பிக்கலாமே என்பாய். 1973 முதல் டெல்லியில் கொள்கை ஆய்வு மையம் என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் இருக்கிறது. சிபிஆர் என்பார்கள். 2022 செப்டம்பரில் வருமான வரித்துறை உள்ளே போனது. 2023 பிப்ரவரியில் வெளிநாட்டு நன்கொடை உரிமம் நிறுத்திவைப்பு, 2024 ஜனவரியில் ரத்து. உள்துறை சொன்ன காரணங்களில் ஒன்று, அவர்கள் நடப்பு விவகாரங்களைப் பற்றி வெளியிட்டார்கள் என்பது. கொள்கை ஆய்வு மையம் நடப்பு விவகாரத்தைத் தொடக் கூடாதென்றால் எதைத்தான் தொடும்? சங்க காலத்து மாட்டுத் தொழுவங்களையா? சம்பளம் கொடுக்க வழியில்லாமல் ஆய்வாளர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். யாரையும் கைது செய்ய வேண்டியதில்லை, தம்பி. உரிமத்தைப் பிடித்து இழுத்தால் மூளை தானாக வெளியே போய்விடும்.

“அதெல்லாம் வடக்கேண்ணே, நம்ம ஊர்ல அப்படி இல்லை” என்று நீ நெஞ்சை நிமிர்த்துவாய். நிமிர்த்தாதே. 2015-ல் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்ற மாணவர் குழுவுக்குக் கிடைத்த மரியாதை, ஊர் பேர் இல்லாத ஒரு மொட்டைக் கடுதாசி. அதை அமைச்சகம் எடுத்து அனுப்ப, நிர்வாகம் அங்கீகாரத்தைப் பறித்தது. நாடே சத்தம் போட்ட பிறகு திருப்பிக் கொடுத்தது. அது மத்திய அரசின் நிறுவனம், மாநிலம் அப்படியா என்றால், தேசியக் கல்விக் கொள்கைக்கு மாற்று எழுத 2022-ல் நீதிபதி முருகேசன் தலைமையில் தமிழ்நாடு அரசே போட்ட குழுவைப் பார். அதன் ஒருங்கிணைப்பாளர் ஜவகர் நேசன் 2023 மே மாதம் விலகினார். மூத்த அதிகாரி ஒருவர் குறுக்கிடுகிறார் என்று வெளிப்படையாகவே சொன்னார். டெல்லி திணிக்கிறது என்று முழங்குகிற மேடைக்குப் பின்னாலேயே, இப்படி எழுதுங்கள் அப்படி எழுதாதீர்கள் என்று ஒரு குரல் கேட்கிறதென்றால் என்ன சொல்ல? குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. 2025 ஆகஸ்டில் பள்ளிக் கல்விக் கொள்கை வெளிவந்தது. விழா நன்றாக நடந்தது.

பல்கலைக்கழகத்துக்கே வருகிறேன். உன் மையத்தை எந்தக் கூரைக்குக் கீழே வைக்கப்போகிறாய்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் நாற்காலி 2023 ஆகஸ்டில் காலியானது. ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் இரண்டு வருஷம் தாண்டியும் அது காலியாகவே கிடந்தது. இடையில் 2024 பிப்ரவரியில், 424 கோடி வரி பாக்கி என்று வருமான வரித்துறை அந்தப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. தலைக்கு ஆள் இல்லை, பெட்டிக்குச் சாவி இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஊழியர்கள் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போராடினார்கள். இந்த லட்சணத்தில் இருக்கும் வளாகங்களில்தான் மூன்று மாதத்துக்கு ஒரு புது மையத்துக்கு நாடா வெட்டுகிறார்கள். நம்ம ஊர்ப் பூட்டிய வீடு மாதிரிதான். முகப்பில் பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், ரவிவர்மா படம். இரண்டாங்கட்டுக்குப் போனால் வௌவால்.

அந்தச் சென்னைப் பல்கலைக்கழக நாற்காலியில் எழுபதுகளில் உட்கார்ந்திருந்தவர் மால்கம் ஆதிசேஷையா. வேலூரில் பிறந்தவர், யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநர் வரைக்கும் போனவர். ஓய்வுபெற்றுத் திரும்பிவந்து, 1971-ல் மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அடையாறு காந்தி நகரில், தம் சொந்தக் காசில். தன் பேரை வைக்கவில்லை. ஆறே வருஷத்தில், 1977-ல், அதைத் தேசிய நிறுவனமாக்கி, இந்தியச் சமூக அறிவியல் ஆய்வு மன்றமும் மாநில அரசும் தாங்கும்படி ஒப்படைத்துவிட்டார். தமிழ்நாட்டு வேளாண்மை, கூலி, நீர்ப்பாசனம், சாதி என்று எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் இன்றைக்கும் அங்கே செய்த வேலையைத் தாண்டிப் போக முடியாது. சீமைக்கெல்லாம் போவானேன்? நம்ம கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-ல் நேருவைக் காரைக்குடிக்கு வரவழைத்து அடிக்கல் நட வைத்தாரே, மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அந்த சிக்ரியின் பெயரில் அழகப்பர் இருக்கிறாரா? அந்தக் காலத்து 15 லட்சம். கொடுத்த பிறகு, உள்ளே விஞ்ஞானி எந்த உப்பை எந்தக் கரைசலில் போட வேண்டும் என்று அவர் போன் போட்டுச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்றும் நம் நகரத்தார் செட்டியார்களிடம் இருந்தது. ரங்கூன் முகல் தெருவில் நகரத்தார் கோயிலில் மாதம் ஒருமுறை கூடி நடப்பு வட்டியைத் தீர்மானிப்பார்கள். பர்மா முழுதும் அரிசிக்குப் பாயும் பணத்தின் விலை அங்கே முடிவாகும். பவர்பாயிண்ட் கிடையாது, பிரகடனம் கிடையாது. ஆனால் சொன்னது பிசகினால் சொன்னவன் முதல் போகும். பிசகவும் செய்தது. 1930-களின் மந்தத்தில் கடன் திரும்பாமல், அடகு வைத்த நிலமெல்லாம் கைக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் கால் பங்கு செட்டியார் பேரில். அதற்கு முதலில் விலை கொடுத்தவன் நிலம் இழந்த பர்மியக் குடியானவன் என்பதை நாம் வீட்டில் பேசுவதில்லை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோதும், சுதந்திர பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டபோதும், நம் பங்குக்கு நாமும் கொடுத்தோம். தப்புக்கு விலை இருந்த சபை அது. இன்றைய மையங்களில் தப்புக்கு விலை இல்லை, உண்மைக்கு மட்டும் ஜிஎஸ்டி உட்பட உண்டு.

ஆகவே தம்பி, மையம் வைப்பதென்று முடிவாகிவிட்டால், பத்திரம் எழுதும்போது இதைச் சேர்த்து எழுது. கொடுத்த முதலை நானோ என் வாரிசோ திரும்பக் கேட்க முடியாது. வட்டியிலிருந்து ஆய்வாளருக்குப் பன்னிரண்டு மாதமும் முழுச் சம்பளம் போக வேண்டும். ஆய்வு முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக யாரையும் நீக்க முடியாது. அந்த முடிவு மந்திரியைச் சுட்டாலும், துணைவேந்தரைச் சுட்டாலும், என் கம்பெனியையே சுட்டாலும் அச்சேறியாக வேண்டும். கீழே கையெழுத்துப் போட்டு, காந்தி படம் போட்ட நோட்டைப் போல அதையும் பத்திரமாக வை. வாசலுக்கு ஆள் வரும் நாளில் ‘அது எங்கள் நிலைப்பாடு இல்லை’ என்று சொல்லாமல், ‘ஆமாம், எங்கள் ஆள்தான்’ என்று சொல்ல அந்தக் காகிதம்தான் உனக்கு முதுகெலும்பு தரும்.

அதற்கு மனம் ஒப்பவில்லையா? குற்றமில்லை, பணத்தைக் கோயில் திருப்பணிக்குக் கொடுத்துவிடு. கல்வெட்டில் ஐயா பேர் பெரிதாக வரும், பரிவட்டமும் கிடைக்கும், உள்ளே இருப்பவர் கட்டுரை எழுத மாட்டார்.